கீறல் விழாத ஹப்

கீழத்துறையிலிருந்துதானே வாறீங்க அண்ணே? சொல்ல வேண்டாம். சாக்கைப் பிரிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. இது எங்கண்ணன் இன்னாசியோட மீன்பிடிப் போட்டில் உள்ள புரொப்பல்லர். இந்த ஒரு இறக்கை மட்டும் நுனியில் கொஞ்சம் மழுங்கியிருக்கு பாருங்க, அதை அரம் போட்டு ராவிச் சரிபண்ணினவள் நான். நான் கை வச்ச சாமானை ஆயிரம் சாமானுக்கு நடுவில் போட்டாலும் எடுத்துருவேன்.

உட்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஒரு பக்கமாச் சாயும், இதில் உட்காருங்க. ஏட்டி ஜெனோவா, வாஷரை வாயில வைக்காத, துப்பு. என் மகள் அண்ணே. ரெண்டு வயசு முடியல. மத்த வீட்டில் பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுப்பாங்க, இவளுக்கு நட்டும் வாஷரும்தான். கீழே போட்டால் ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டு அவளே சிரிச்சுக்குவாள்.

நீங்கதான் இப்போ அண்ணன் போட்டை ஓட்டுறவரா? பங்குக்கு வெளியூர் ஆள் ஒருத்தர் வந்திருக்கார்னு கேள்விப்பட்டேன். லியோனா? நல்ல பேர். லியோன் அண்ணே, நான் ரெக்ஸி. இன்னாசிக்குக் கூடப் பிறந்த தங்கச்சி. ஒரே தங்கச்சி. அதை உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. அடையாளம் சொல்லி, கடையில் ஒரு பொம்பிளை இருப்பா, சாமானை வாங்கிட்டு வா, பேச்சுக் கொடுக்காதேன்னு அனுப்பியிருப்பாங்க. சிரிக்கிறீங்க பாருங்க. அப்போ நான் சொன்னது சரிதான்.

ஹப் வழுக்கிட்டுதா? பாரில் தட்டினதா? அந்தக் கல்லுப் பார் தண்ணிக்கடியில் எங்கே தலையைத் தூக்கும்னு எங்க ஊர்க்காரனுக்கே பிடிபடாது, நீங்க புதுசு. இஞ்சின் கத்தும், போட்டு நகராது, அதானே? ஆமை மாதிரி ஊர்ந்து கரைக்கு வந்திருப்பீங்க. பிளாஸ்டிக் ஹப்புன்னா அப்படித்தான். யார் கடையில் போட்டதுன்னு நான் கேட்கல. என் கடையில் போட்டது இல்லை, அது மட்டும் எனக்குத் தெரியும். நான் போட்டது வழுக்காது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்போ எனக்கு ஹப்புன்னா என்னன்னே தெரியாது அண்ணே. நான் படிச்சது எங்க ஊர் பள்ளிக்கூடத்தில், அதோட நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரர் கில்பர்ட் இஞ்சின் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்கக் கடற்கரையில் கிடப்பார். கடையில் உட்கார ஆள் வேணும், நான் உட்கார்ந்தேன். வர்றவன் ஹப் கொடுங்கன்னு கேட்பான், நான் ஒண்ணை எடுத்துக் கொடுப்பேன், அவன் சாயங்காலம் திரும்பி வந்து என் மூஞ்சியில் வீசாத குறையா வச்சிட்டுப் போவான். ரெண்டு தடவை அப்படி ஆனதும் ரோசம் வந்துட்டு. ஒரு ராத்திரி, சோறு ஆறிப்போக, அவரைப் பிடிச்சு உட்காரவச்சு, எல்லாத்தையும் கழட்டிக் காட்டுங்கன்னேன்.

அவர் காட்டினார். இஞ்சினிலிருந்து ஒரு தண்டு நீட்டிக்கிட்டு வருது, சுத்தியும் பல்லுப் பல்லா. புரொப்பல்லர் நடுவில் பெரிய ஓட்டை. ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறதுதான் இந்த ஹப். உள்ளே சின்னதாப் பித்தளைப் புஷ், அது தண்டுப் பல்லில் போய் உட்காரும். வெளியே சதுரமா ஒரு பிளாஸ்டிக் கூடு, அது புரொப்பல்லருக்குள் உட்காரும். இவ்வளவுதான். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி பல்லு மாறும். ஒரு பல்லு கூடக்குறைய இருந்தாலும் சிலது தட்டினால் உள்ளே போயிரும், போயிட்டுன்னு சந்தோசப்படுவான், பத்து நாளில் தண்டை அரிச்சு வச்சிரும். நான் ஆளைக் கேட்க மாட்டேன். பழசைக் கொண்டா, இல்லைன்னா தண்டைப் போட்டோ எடுத்துட்டு வான்னு சொல்வேன். வாங்கினப்புறமும் விட மாட்டேன். முன்னால் போடுற வாஷர், சரிவான பக்கம் இஞ்சினைப் பார்த்து இருக்கணும். அதை மாத்திப் போட்டவன் உண்டு, போடாமலே விட்டவன் உண்டு. போடாமல் விட்டால் புரொப்பல்லர் போய்க் கியர் பெட்டியில் உரசும். தண்டில் கிரீஸ் பூசணும், நட்டை முறுக்கிப் பின்னை மாட்டி வளைக்கணும். பின்னுக்குப் பதிலா மீன் வலைக் கம்பியைச் சொருகினவனை இதே இடத்தில் நிக்கவச்சுத் திட்டியிருக்கேன். அவனுக்கு என் அப்பா வயசு.

அப்படி ஊரில் ஒரு பேர் வாங்கினேன். ரெக்ஸி எடுத்துக் கொடுத்தால் சரியா இருக்கும். அந்தப் பேரைத்தான் எங்கண்ணன் சந்தியில் இழுத்துவிட்டார்.

சொல்றேன். சாமான் அலமாரியில்தான் இருக்கு, ஓடிப்போகாது. அவங்க பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுட்டு நீங்க போயிட்டால் எனக்கு மனசு ஆறாது.

போன வருசத்துக்கு முந்தின கணவாய்ப் பருவம். அண்ணன் என்கிட்டத்தான் எல்லாம் வாங்குவார். நல்ல கம்பெனி ஹப்பா எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். பார் ஓரமாத்தானே கணவாய் கிடக்கும், ஒரு நாள் தட்டிட்டு, வழுக்கிட்டு. புதுசு போட்டேன். அதுவும் போச்சு. திரும்பப் போட்டேன், அதுவும். ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வர்றதுக்குள் ஏலம் முடிஞ்சிரும், கணவாய் சொதசொதன்னு கிடக்கும். கடைசித் தடவை ஏலக் கூடத்தில் இத்தனை ஆள் நிக்கையில் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "என் தங்கச்சி கடைச் சாமான் ஒரு பருவம் தாங்கமாட்டேங்கு"ன்னார். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாராம். கேட்டவங்க அதைவிட அதிகமாச் சிரிச்சிருக்காங்க. எனக்குச் சொல்ல ஆள் இல்லையா? சாயங்காலத்துக்குள் நாலு பேர் வந்து சொல்லிட்டுப் போனாங்க.

எனக்கு ராத்திரி கண் மூடல. இவள் அப்போ வயித்தில். எங்க வீட்டுக்காரரை எழுப்பி, ஏன் இந்த இடத்தில் போய் பிளாஸ்டிக் வச்சிருக்கான், கடல் சாமானுக்கு யாராவது பிளாஸ்டிக் வைப்பானான்னு கேட்டேன். அவர் தூக்கத்தில், "அது போறதுக்குன்னேதான் வச்சிருக்கான்ளா. கல்லுல அடிச்சா அது போகும், இஞ்சின் பிழைச்சுக்கும்"னார். நான் சிரிச்சிட்டேன். உடையறதுக்குன்னு ஒருத்தன் சாமான் செய்வானா அண்ணே? செய்வான், ஏன் செய்வான், அது உடைஞ்சால்தானே அடுத்தது வாங்குவோம். கம்பெனிக்காரன் தந்திரம். இது இவருக்குத் தெரியல. இவர் கம்பெனிக்காரன் சொன்னதை வேதம் மாதிரிச் சொல்றார். நான் கடை நடத்துறவள், எனக்குத் தெரியாதா?

மறுநாளே தூத்துக்குடி போனேன். தங்கப்பழம் அண்ணாச்சின்னு ஒருத்தர், லேத்துப் பட்டறை வச்சிருக்கார். பிளாஸ்டிக்கையும் புஷ்ஷையும் அவர் முன்னால் வச்சேன். ரெண்டும் ஒண்ணா, முழுசும் பித்தளையில் ஒரே கட்டியாக் கடைஞ்சு தாங்கன்னு கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுக்கு, ஏன்னெல்லாம் கேட்டார். உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி, கடைஞ்சு தாங்கன்னேன். வயித்துப் பிள்ளைக்காரி வெயிலில் நிக்காளேன்னு அன்னைக்கே கடைஞ்சு தந்துட்டார். அண்ணே, அது என்ன அழகு தெரியுமா. உள்ளே பல்லு ஒவ்வொண்ணும் விளைஞ்ச மக்காச்சோளம் மாதிரி. கையில் வச்சால் கனம். தங்க வளையல் வாங்கினப்போகூட எனக்கு அவ்வளவு சந்தோசம் இல்லை.

நானே கீழத்துறை போய் நானே மாட்டினேன். இவ்வளவு பெரிய வயித்தை வச்சுக்கிட்டு, ஈர மணலில் முழங்கால் போட்டு. அண்ணன்கூட, "எதுக்குளா இந்தப் பாடு"ன்னார். "இனி ஏலக் கூடத்துல வாயைத் திறங்க, பாப்போம்"னேன். அவர் சிரிச்சுத் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஜசிந்தா மதினி கருவாட்டுக் குழம்பு வச்சுத் தந்தாங்க. சின்னவள் அபிஷா, அண்ணன் மகள், அவளுக்கு நான்தான் ஞானத்தாய், கோயிலில் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தண்ணி வாங்கிக் கொடுத்தவள் நான். அவள் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சாள். அப்படி இருந்தோம் அண்ணே.

அந்த ஹப் வழுக்கல. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. பாரில் தட்டியிருக்கு, ஒரு தடவை இல்லை, பல தடவை. இஞ்சின் அப்படியே ஒரு உலுக்கு உலுக்குமாம், பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருமாம், ஆனால் போட்டு நிக்காமல் போகுமாம். அண்ணனே வந்து சொன்னார். இப்போ கியர் மாத்தும்போது கொஞ்சம் கரகரங்குதுன்னு ஒரு பேச்சும் சொன்னார். இஞ்சின் பழசாகுதில்லையா, கரகரக்கத்தான் செய்யும். முதல் ஆளா ஏலக் கூடத்துக்கு வர்றவர் அவர்தான் அந்தப் பருவத்தில். நாலு பேர் வந்து எனக்கும் ஒண்ணு கடைஞ்சு தான்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக் கெஞ்சாத குறை, வேற யாருக்கும் கொடுக்காதேன்னு. அவருக்காக விட்டேன். ஆம்பிளைக்குப் பொறாமை இருக்காதா?

அப்புறம் கச்சான் காத்து வீச ஆரம்பிச்ச மாசம். அண்ணனும் மதினி தம்பியும் போயிருந்தாங்க. மதியத்துக்கு மேல் கடல் எழும்பிட்டு, திரும்பி வர்ற வழியில் பாரில் நல்லா அடிச்சிருக்கு. ஹப் வழுக்கல. கியர் பெட்டிக்குள் பல்லெல்லாம் சிதறிட்டு, தண்டு வளைஞ்சிட்டு. இஞ்சின் ஓடுது, ஆனால் ஒரு அடி நகர வழியில்லை. அலை போட்டைத் தூக்கித் தூக்கிக் கல்லில் போடுது. போட்டு பிளந்துருமேன்னு அண்ணன் தண்ணியில் குதிச்சு, கல்லில் கால் ஊன்றித் தள்ளியிருக்கார். அடுத்த அலையில் கால் போட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிட்டு. பக்கத்தில் வலை போட்டிருந்தவங்க பார்த்து, கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தாங்க.

போன் வந்ததும் ஓடினேன் அண்ணே. கைப்பிள்ளையை எதிர்வீட்டில் போட்டுட்டு, கிடைச்ச ஆட்டோவில் ஏறி, செருப்பில்லாமல். நான் போகும்போது அண்ணனை வேட்டியில் படுக்கவச்சு நாலு பேர் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வர்றாங்க. முகம் சுண்ணாம்பு மாதிரி. கால் பக்கம் நான் பார்க்கல. அழுதேன். அவங்க ஆட்டோவில் ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க. போட்டு ஈர மணலில் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு கிடந்தது, இஞ்சின் அதிலேயே இருந்தது. நான் என்ன செய்ய? போய்க் குனிஞ்சு பார்த்தேன். பின்னை உருவி, நட்டைக் கழட்டி, புரொப்பல்லரை இழுத்துப் பார்த்தேன். ஹப் அப்படியே இருந்தது அண்ணே. அவ்வளவு அடிக்கும் ஒரு கீறல் இல்லை.

"பாருங்க, ஹப் போகல"ன்னு பக்கத்தில் நின்னவங்ககிட்டச் சொன்னேன். சொன்னதுதான். யார் மேல் தப்புன்னு நாளைக்குப் பேச்சு வரும், எல்லாரும் கண்ணால் பார்த்துக்கட்டும்னுதான் சொன்னேன். நிமிர்ந்தால் பின்னால் மதினி நிக்காங்க. ஆட்டோவில் இடமில்லாமல் அடுத்த ஆட்டோவுக்கு நின்னிருக்காங்க. என் கையிலிருந்த ஹப்பைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, திரும்பி ரோட்டுக்கு நடந்தாங்க.

அந்தா, அந்தக் கண்ணாடி அலமாரியில் மேல் தட்டில் மினுங்குதே, அதேதான். வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு வச்சிருக்கேன். எடுத்துப் பார்க்கிறீங்களா? வேண்டாமா. சரி.

ஆஸ்பத்திரிக்கு நான் போகலன்னு சொல்றாங்கல்ல? போனேன். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் வாங்கிட்டுப் போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, கவலைப்படாதீங்க, கியர்தான் பழசு, ஹப் நல்லா இருக்கு"ன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார். மதினி என்னை வராந்தாவுக்குக் கூட்டிட்டு வந்து, மெதுவாத்தான் பேசினாங்க, சத்தம் போடல.

"என் புருசனைத் தூக்கிட்டுப் போறாங்க, நீ குனிஞ்சு சாமானைப் பாத்துட்டு நிக்க. இனி எங்க நடை ஏறாத ரெக்ஸி."

பார்த்தால் என்ன அண்ணே? நீங்களே சொல்லுங்க. நான் டாக்டரா, கூடப் போய் வைத்தியம் பார்க்க? எனக்குத் தெரிஞ்சதை நான் பார்த்தேன். காலுக்கும் ஹப்புக்கும் என்ன சம்பந்தம்? குதிச்சது யாரு, ஹப்பா குதிக்கச் சொன்னது? இதைச் சொன்னால் கல் நெஞ்சுக்காரிங்காங்க. கோயிலில் நான் உட்கார்ந்தால் கீழத்துறைப் பொம்பிளைகள் பாய் மாறி உட்காருறாங்க. பிளாஸ்டிக்கே கிடந்திருந்தால் ஊர்ந்தாவது வந்திருப்போம்னு மதினி தம்பி பேசித் திரியறான். அந்த அலையில் ஊர்ந்து வந்திருப்பானாம். அவனுக்கு மீசையே இப்போதான் முளைச்சது.

கால் இப்போ பரவாயில்லைதானே? கம்பு ஊன்றி நடக்கார்னு கேள்விப்பட்டேன். நடக்கார்ல, அது போதும். கடலுக்குப் போக முடியலன்னா என்ன, உங்களை மாதிரி ஒருத்தர் ஓட்டுறார், வீட்டில் உட்கார்ந்து பங்கு வாங்கலாம். எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு? நான் இதை நல்ல எண்ணத்தில்தான் சொல்றேன். முகத்தை ஏன் அப்படி வச்சுக்கிறீங்க?

எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். அண்ணன் இஞ்சினை அவர்தான் பிரிச்சு வேலை பார்த்தார், ராத்திரி பகலா, தனியா உட்கார்ந்து. முடிச்சுக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்துட்டு வந்த அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னார். "இனி ஹப் விசயத்துல நீ பேசாத ரெக்ஸி"ன்னார். என்கிட்ட. எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான், ஆனால் இந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது யாரு? அதிலிருந்து நானும் விறைப்பாத்தான் இருக்கேன். அவரா வந்து பேசட்டும். சாப்பாடு வைக்கிறேன், சாப்பிடுறார். பிள்ளைகிட்ட ரெண்டு பேரும் பேசுறோம். "ஏட்டி, அப்பாட்ட ரேசன் கார்டு எங்கன்னு கேளு"ம்பேன். இவளுக்கு ரேசன் கார்டுங்கிற வார்த்தைதான் முதலில் வரும்போல.

சிரிச்சுட்டீங்க. சிரிங்க, சிரிச்சால் நல்லா இருக்கீங்க.

சரி அண்ணே, ஒண்ணு கேட்கிறேன், நேராப் பதில் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அபிஷாவுக்குப் புதுநன்மை. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா, கோயிலில் பேர் வாசிச்சாங்க. கோயிலில் முதல் தடவையா நற்கருணை அப்பம் வாங்கப் போற பிள்ளைக்கு ஞானத்தாய்தான் வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில் கிரீடம் வச்சு, மெழுகுதிரியைக் கையில் கொடுத்து, பீடம் வரைக்கும் கூடப் போகணும். அது எங்க வழக்கம், உங்க ஊரிலும் அதானே? எனக்குப் பதிலா மதினி அக்காளை நிக்கவைக்கப் போறதாப் பேச்சு அடிபடுது. நான் உடுப்பு தைச்சு முடிச்சிட்டேன். யாரும் கேட்கல, தைச்சிட்டேன். கழுத்தில் முத்து வச்சு, கையில் கொசுவம் வச்சு. அளவுக்குத்தான் கஷ்டப்பட்டேன், பள்ளிக்கூட வாசலில் மறைஞ்சு நின்னு கண்ணாலேயே அளவெடுத்தேன். அவள் என்னைப் பார்த்துட்டாள். ஓடி வரல. டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நின்னாள். எனக்கு அன்னைக்கு...

விடுங்க. அண்ணன் என்னைப் பத்தி எதுவும் சொன்னாரா? தலையை ஆட்டாதீங்க, வாயைத் திறந்து சொல்லுங்க.

என்ன? திரும்பச் சொல்லுங்க.

"அவ பிளாஸ்டிக் ஹப்பைக் கேட்டபடி மாட்டித் தந்தான்னா, ஞாயித்துக்கிழமை பிள்ளைகூட நிக்கதுக்கு வரச்சொல்லு. அதுல அவ சொந்தமா ஒரு கை வச்சாலும், ஒண்ணும் பேசாத, வாங்கிட்டு நேரா தூத்துக்குடி போயி வேற மாட்டிட்டு வா."

எங்கண்ணன் வாயால் சொன்னதா? இதே வார்த்தையா? மதினி பக்கத்தில் இருந்தாங்களா? அவங்களும் சரின்னுட்டாங்களா? அபிஷா ரெண்டு நாளாச் சாப்பிடலையா? அத்தை வராமல் நான் நன்மை வாங்க மாட்டேன்னுட்டாளா? பாருங்க. பாருங்க அண்ணே. யார் வளர்த்த பிள்ளை.

இருங்க, கண்ணைத் துடைச்சுக்கிறேன். கிரீஸ் கை, கண்ணில் பட்டு எரியுது.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்ல நீங்க? நானும் இவ்வளவு நேரம் வாய் வலிக்கப் பேசியிருக்கேன். சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்களா, மாட்டினப்புறம்தான் சொல்லணும்னா? சரி, என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் சொல்லிட்டீங்க. நீங்க நல்லா இருப்பீங்க.

இந்தா, பிளாஸ்டிக் ஹப். பாருங்க, புது டப்பா, உங்க முன்னாலேயே பிரிக்கிறேன். பழைய புஷ்ஷைக் கொடுங்க, பல்லை எண்ணிக்கிறேன். சரி, அதேதான். பிளாஸ்டிக் கூடு சதுரம் சரியா உட்காருது, ஆட்டம் இல்லை. புஷ் உள்ளே. முன் வாஷர் உங்க இஞ்சினில் இருக்கா? சரிவான பக்கம் இஞ்சினைப் பார்த்துத்தானே? மறக்காதீங்க. எங்கண்ணன் கேட்டது பிளாஸ்டிக், நான் மாட்டினதும் பிளாஸ்டிக். ரெக்ஸி சொன்ன சொல் கேட்க மாட்டாள்னு யாரும் இனிப் பேச முடியாது. ஞாயித்துக்கிழமை விடியக்காலமே வந்துருவேன்னு சொல்லுங்க. மல்லிகைப் பூ நான் கொண்டுவாறேன், மதினி வாங்க வேண்டாம். இவளுக்கும் ஒரு வெள்ளைக் கவுன் இருக்கு. ஏட்டி ஜெனோவா, மாமா வீட்டுக்குப் போறோம்ட்டி.

டிரில் மிஷின் அந்தச் சாக்குக்குக் கீழே கிடக்கு, கொஞ்சம் எடுத்துத் தாங்க. எதுக்கா? ரெண்டே நிமிசம். இங்க பாருங்க, புரொப்பல்லர் கழுத்துக்கு உள்பக்கம், இங்க ஒண்ணு, எதிர்ப்பக்கம் ஒண்ணு. ரெண்டு துளை. பிளாஸ்டிக்கைத் தாண்டிப் பித்தளைப் புஷ் வரைக்கும் போகணும். அதில் ரெண்டு எஃகு முளையை அடிச்சு இறக்கிட்டால் புஷ்ஷும் புரொப்பல்லரும் ஒண்ணாயிரும். அப்புறம் எந்தப் பாரில் அடிச்சாலும் வழுக்காது.

அதான் பிளாஸ்டிக் மாட்டிட்டேனே அண்ணே. பிளாஸ்டிக் அங்கேயேதான் இருக்கு, யார் எடுத்தா? மேலே கிரீஸ் பூசிட்டால் கண்ணுக்கே தெரியாது. கையைப் பிடிக்காதீங்க, டிரில் வழுக்கிரும். உங்களுக்காகத்தான் செய்றேன். நேத்து ஊர்ந்து வந்தீங்களே, நாளைக்குக் கச்சான் எழும்பினப்புறம் அப்படி ஊர்ந்தால் என்ன ஆகும்? எங்கண்ணன் போட்டு அது, ஒருத்தர் காலோடு போனது போதும். உங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும்ல. எனக்கு என்ன, சும்மா கொடுத்து அனுப்பிட்டுப் போயிரலாம். மனசு கேட்கல. சொந்தம்னா அப்படித்தான் அண்ணே, கேட்டதை மட்டும் கொடுத்துட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஒண்ணு இறங்கிட்டு. ரெண்டு. ம். ஆட்டிப் பாருங்க, யானை இழுத்தாலும் வராது.

இதை மட்டும் அண்ணன்கிட்டச் சொல்ல வேண்டாம். தெரிஞ்சால்தானே மனத்தாங்கல். நமக்குள் இருக்கட்டும்.

என்ன, எதுவும் பேசாமல் சாக்கில் போடுறீங்க? கிரீஸ் பூசித் தாறேன்னு சொன்னேனே. சரி, அங்க போய் நீங்களே பூசிக்கிறீங்களா, பூசிக்கோங்க. டீ குடிச்சிட்டுப் போகலாம்ல. பிள்ளை கன்னத்தைத் தொட்டுட்டுப் போறீங்க, உங்களுக்கும் பெண் பிள்ளையா? ஞாயித்துக்கிழமை கோயிலில் பார்ப்போம். விடியக்காலமே வந்துருவேன்னு சொல்லுங்க அண்ணே.

ஏட்டி, மாமாவுக்கு டாட்டா காட்டு.

லியோன் அண்ணே, ரோட்டைத் தாண்டாதீங்க, கீழத்துறை பஸ் இந்தப் பக்கம்தான் நிக்கும். அண்ணே, அது இல்லை. கையைக் காட்டாதீங்க, அவன் நிப்பாட்டிருவான். ஏ கண்டக்டர், அந்த அண்ணனை ஏத்தாதீங்க, அவருக்கு ஊர் புதுசு, அவர் போக வேண்டியது கீழத்துறை. இது தூத்துக்குடி பஸ்.